பதினெட்டு மில்லிமீட்டர்

எந்த இரும்பையும் தடவிப் பார்த்தே அதன் நிலைமையைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. எண்ணம் என்று இப்போது அடக்கமாக எழுதுகிறேன். அன்றைக்கு யாராவது அதை வெறும் எண்ணம் என்று சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இருபத்தாறு வருஷமாக பேரிங், புல்லி, ஷாஃப்ட் இவற்றோடுதான் என் பிழைப்பு. ஒரு மெஷின் தகராறு செய்தால் பக்கத்தில் போய் நின்று செத்த நேரம் காது கொடுத்துக் கேட்பேன். எது போயிருக்கிறது என்று சொல்வேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை.

இப்படிப்பட்டவன் வீட்டுக் காரில் ஒரு கோளாறு வந்தால் மெக்கானிக்கிடம் யோசனை கேட்பானா? கேட்கவில்லை. அதுதான் கதை.

காரை ஓட்டுவது என் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் ஆசிரியை. நான் மில்லுக்கு பைக்கில் போய்விடுவேன். நாற்பத்திரண்டு வயதில் கார் ஓட்டப் பழகி, லைசென்ஸ் வாங்கி, ஐந்து வருஷமாகத் தினமும் போய்வருகிறாள். அதே பள்ளியில் வேலை பார்க்கிற மூன்று ஆசிரியைகளும் அவளோடுதான் போவார்கள். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒருவர் ஏறுவார், மற்ற இரண்டு பேரும் அடுத்தடுத்த தெருமுனைகளில் நிற்பார்கள். திருத்திய விடைத்தாள்கள், டிபன் பாக்ஸ்கள், மாமியார் கதைகள் எல்லாம் ஏற்றிக்கொண்டு காலையில் அந்த வண்டி கிளம்பிப் போவது கல்யாண வீட்டு வேன் போவது போல இருக்கும். எப்போதாவது மில்லுக்குப் போகிற வழியில் அதைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

"ஏங்க, பிரேக்க மிதிச்சா கீச்சுன்னு ஒரு சத்தம் வருது. சர்ச் வாசல்ல அம்புட்டு பேரும் திரும்பிப் பாக்காங்க."

"பேடு தேஞ்சிருக்கும். மாத்திருவோம்" என்றேன். இதற்கெல்லாம் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவே வேண்டாம், சத்தமே சொல்லிவிடும்.

மறுநாள் தென்காசி ரோட்டில் எங்களுக்குப் பழக்கமான பாய் ஒருவரின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். பாய் அதிகம் பேசமாட்டார். முன்சக்கரம் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டுதான் டிஸ்க். பிரேக்கை மிதித்தால் இரண்டு பேடுகள் அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். அந்தப் பேடுகள் பிஸ்கட் அளவுக்கு மெலிந்திருந்தன. நான் சொன்னது சரி. ஆனால் பாய் டிஸ்க்கின் மேல் விரலை வைத்து ஒரு இழு இழுத்தார். வட்ட வட்டமாகப் பள்ளம் விழுந்து, நகம் மாட்டியது.

"பேடு மாத்திருவோம் சார். டிஸ்க்கையும் ரெண்டு பக்கமும் சேத்து மாத்திருங்க. தேஞ்சுபோச்சு."

"டிஸ்க்க எதுக்கு பாய் மாத்தணும்? லேத்துல கொடுத்து ஒரு தடவ கடஞ்சா புதுசு மாதிரி ஆயிரும்."

இது மில்காரனுக்கே உரிய புத்தி. பஞ்சை இழுத்து நூலாக்குகிற மெஷினில் ரப்பர் உறை போட்ட சின்னச் சின்ன உருளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஓடி ஓடி அந்த ரப்பரில் பள்ளம் விழும். கழற்றி, கிரைண்டிங் மெஷினில் கொடுத்து மேலாக ஒரு சீவு சீவினால் மறுபடியும் வழவழவென்று ஆகிவிடும். ஒரே உருளையைப் பல தடவை இப்படிச் சீவி ஓட்டுவோம். பள்ளம் விழுந்தது என்பதற்காக ஒரு பொருளைத் தூக்கி எறிகிறவனை எங்களுக்குப் பிடிக்காது. அவனுக்கு வேலை தெரியவில்லை என்றுதான் நினைப்போம்.

பாய் டிஸ்க்கின் ஓரத்தைத் துணியால் துடைத்தார். துருவுக்கு அடியில் எழுத்துத் தெரிந்தது.

"இங்க பாருங்க சார். மினிமம் பதினெட்டு மில்லின்னு போட்டிருக்கான். அதுக்குக் கீழ மெலிஞ்சா ஓட்டக்கூடாது."

பைக் பெட்டியில் எப்போதும் கனம் அளக்கிற வெர்னியர் ஒன்று வைத்திருப்பேன். எடுத்துவந்து டிஸ்க்கின் விளிம்பில் வைத்தேன். பத்தொன்பதரைக்கு மேலே காட்டியது.

"ஒன்றரை மில்லி கெடக்கே பாய்!"

"நீங்க வச்சது ஓரத்துல சார். அது பேடு படாத எடம். உள்ள தள்ளி அளக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. அளப்பதைப் பற்றி எனக்கே ஒருவர் சொல்லித் தருகிறார். அவர் சொன்னது சரி என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். வெர்னியரின் கால் அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே போகாது, அதற்கு மைக்ரோமீட்டர் வேண்டும். அது மில்லில் என் மேஜை டிராயரிலேயே இருந்தது. ஆனால் நான் சொன்னது வேறு.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் புது டிஸ்க் விக்கிறதுக்கு எழுதுனது பாய். எனக்குத் தெரியாததா?"

"உங்க வண்டி சார்" என்றார் பாய்.

புது டிஸ்க் வாங்குவது எங்களுக்கு ஒரு பெரிய செலவே இல்லை. மாற்றிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாயங்காலமே வேலை முடிந்திருக்கும். ஆனால் பாய் சொன்ன பிறகு மாற்றினால் பாய் சொல்லி நான் மாற்றியதாக ஆகிவிடுமே. வேறு ஒரு காரணமும் கிடையாது. இன்றைக்கு யோசித்தாலும் இந்த ஒன்றுதான் மிஞ்சுகிறது.

மில்லுக்குப் பக்கத்தில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. எங்கள் வேலை பாதி அங்கேதான் போகும். லேத்காரர் டிஸ்க்கை மாட்டிவிட்டு, "அண்ணாச்சி, எம்புட்டு எடுக்கணும்?" என்று கேட்டார்.

"பள்ளம் போற மட்டும் எடுங்க" என்றேன்.

பள்ளம் ஆழமாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டு பக்கமும் மூன்று மூன்று தடவை உளி போய்வந்தது. சுருள் சுருளாக இரும்புத்தூள் விழுந்தது. முடிந்ததும் அந்தத் தட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. கையால் தடவிப் பார்த்தேன். பட்டு. அந்தச் சந்தோஷத்தில் அதை அளக்கவே தோன்றவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன்.

"பாத்தியாட்டி? இதத்தான் மாத்தணும்னு சொன்னாரு."

"அழகாத்தான் இருக்கு. பிடிக்குமா?"

"உடும்பு மாதிரி பிடிக்கும்."

பாய் புதுப் பேடுகளோடு அதை மாட்டிக் கொடுத்தார். கை கழுவிக்கொண்டே, "டீச்சரப் பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

முதல் வாரம் வண்டி அருமையாக ஓடியது. கீச்சுச் சத்தம் போன இடம் தெரியவில்லை. நான் மில் கேன்டீனில் இரண்டு நாள் இதைப் பற்றியே பேசினேன். இப்போதெல்லாம் மெக்கானிக் என்றால் கழற்றி மாட்டத்தான் தெரியும், ஒரு பொருளைச் சரி செய்யத் தெரியாது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்களில் பாதிப் பேர் எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள்.

இரண்டாவது வாரம் மனைவி சொன்னாள். "பிரேக் போட்டா ஸ்டியரிங் நடுங்குது."

"புதுப் பேடு. டிஸ்க்கோட பழகணும். கொஞ்ச நாள் ஓடட்டும்."

நான்கு நாள் கழித்து மறுபடி சொன்னாள். "காலுக்குக் கீழ தடதடன்னு தட்டுது. யாரோ உள்ள இருந்து பெடல எத்துற மாதிரி இருக்கு."

"ரோடு அந்த லட்சணத்துல இருக்கு."

"அஞ்சு வருஷமா அதே ரோட்டுலதாங்க போறேன்."

"மழைக்குப் பொறவு மோசமாயிருக்கும்" என்றேன். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மூன்றாவது தடவை சொன்னது புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். அன்றும் அவளுக்குப் பள்ளி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றுக்குப் பெருமாளைச் சேவிக்கப் போகிற கூட்டம் ரோடு முழுக்க நடந்துகொண்டிருந்திருக்கிறது. முன்னால் போன சிமெண்ட் லாரி ஜனங்களுக்காகச் சட்டென்று நின்றிருக்கிறது. இவளும் மிதித்திருக்கிறாள்.

"நின்னுச்சு. ஆனா நிக்க நேரமாச்சுங்க. லாரியோட நம்பர் பிளேட்ட எழுத்துக் கூட்டிப் படிச்சேன், அம்புட்டு பக்கம். கூட வந்த மூணு பேரும் கத்திட்டாங்க."

"நின்னுச்சுல்ல? நீ ஒட்டிப் போயிருப்ப. இடைவெளி விட்டு ஓட்டணும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு பிரேக் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பேச்சு நின்றதால் பிரேக் சரியாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். கேன்டீனில் அதையும் சொன்னேன்.

ஏறக்குறைய மூன்று வாரம் போனது. ஒரு வியாழக்கிழமை காலையில் மில் சோதனைக்கூடத்திலிருந்து தகவல் வந்தது. ஒரு மெஷினில் நூல் ஒரு சீராக வரவில்லை, ஓர் இடம் தடிப்பு, ஓர் இடம் மெலிவு என்றார்கள். உருளையாகத்தான் இருக்கும் என்று நேராக உருளை சீவுகிற அறைக்குப் போனேன். உருளைகளைச் சீவி அனுப்புகிறவர் அங்கே பதினைந்து வருஷமாக இருக்கிறார், நல்ல வேலைக்காரர். அவர் தட்டில் அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தேன். இன்னொன்றை வைத்தேன். எல்லாமே சுவரில் எழுதிப் போட்டிருக்கிற அளவுக்கு அரை மில்லி கீழே. அந்த அளவுக்குக் கீழே போன உருளையை மெஷினில் ஏற்றக்கூடாது. அந்தப் பலகையை எழுதி மாட்டியதே நான்தான்.

"ஏலே, என்னலே இது?"

"அளவு தாண்டிருச்சுதான் சார். பள்ளம் ஆழமா இருந்துச்சு, இன்னொரு சீவு போட்டேன். இப்பம் பாருங்க, எம்புட்டு வழவழன்னு இருக்கு."

எனக்கு உச்சி மண்டை வரைக்கும் ஏறிவிட்டது. "வழவழன்னு இருந்தா போதுமாலே? மெலிஞ்சு போனது சூடு தாங்குமா? ஓடும்போது நடுங்காதா? சுவத்துல அளவ எழுதிப் போட்டிருக்கது வேடிக்கை பாக்கவா? கடஞ்சு முடிச்சதும் அளந்து பாக்கணும்னு உனக்கு..."

அங்கேயே வாய் நின்றுவிட்டது.

சூடு தாங்குமா, நடுங்காதா, அளந்து பார்த்தாயா. என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு கேள்வியும் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிற ஒரு காரைப் பற்றியதாக இருந்தது. எதிரே இருந்த உருளைகள் நினைவிலேயே இல்லை. எனக்கு முன்னால் நின்றவர் நான் இன்னும் பெரிதாகக் கத்துவதற்கு மூச்சு வாங்குகிறேன் என்று நினைத்து, "தப்புதான் சார், தூக்கிப் போட்டுருதேன்" என்றார். போடு என்று கையைக் காட்டிவிட்டு வெளியே வந்தேன்.

நூல் அறுந்தால் அடுத்த நிமிஷம் ஒட்டிவிடலாம், அதற்கு மில்லில் ஆள் இருக்கிறது. அந்தக் காரில் நாலு பேர் போகிறார்கள். நாலு பேருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் நூலுக்குப் பார்க்கிற அளவைக்கூட அவர்களுக்குப் பார்க்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் காத்திருந்து மனைவிக்குப் போன் செய்தேன்.

"சாயங்காலம் மெதுவா ஓட்டிட்டு வா."

"மெதுவாத்தான் வாரேன். எதுக்கு?"

"சும்மாதான்."

உண்மையை அந்த நேரத்தில் நான் சொல்லவில்லை. பஸ்ஸில் வா என்று சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொல்லவில்லை.

மில்லின் மைக்ரோமீட்டரை வெளியே கொண்டுபோக கேட்டில் சீட்டு எழுத வேண்டும். காரணம் என்று போட்டிருந்த இடத்தில் சொந்த வேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். தெருமுனையில் எந்த வண்டி திரும்பினாலும் எட்டிப் பார்த்தேன். ஐந்தே காலுக்கு எங்கள் கார் வந்தது. அவள் இறங்கி, ஜாக்கியையும் என்னையும் பார்த்தாள். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

சக்கரத்தைக் கழற்றினேன். நான் பளபளவென்று கொண்டுவந்து காட்டிய டிஸ்க்கில் திட்டுத் திட்டாக நீலம் பாய்ந்திருந்தது. சூடு தாங்காத இரும்பு அப்படித்தான் ஆகும், அது எந்த மில்காரனுக்கும் தெரியும். ஆறட்டும் என்று பொறுத்திருந்து மைக்ரோமீட்டரை வைத்தேன். பதினேழு மில்லியும் சில்லறையும். கொஞ்சம் சுற்றி வேறு இடத்தில் வைத்தேன். அதுவும் பதினேழும் சில்லறையும்தான், ஆனால் சில்லறை வேறு. ஸ்டியரிங் நடுங்கியது அதனால்தான். அடுத்த பக்கத்தையும் கழற்றினேன். அங்கே ஓர் இடத்தில் பதினேழுகூட இல்லை.

நான் கோணல் புத்திக்காரன்தான், ஆனால் அளவைப் பார்த்த பிறகு வாதாடுகிறவன் இல்லை. அங்கே நின்றபடியே பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், ரெண்டு டிஸ்க்கும் புதுசு வேணும். பேடும் புதுசு. நீங்க சொன்னதுதான் சரி. நான் அளந்துட்டேன்."

"மதுரையில இருந்து நாளைக்கு வந்துரும் சார். வண்டிய எடுக்காதீங்க, நானே வீட்டுக்கு வந்து மாட்டித் தாரேன்" என்றார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை.

மனைவி காபியோடு வாசலுக்கு வந்தாள். நான் எழுந்து நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"டிஸ்க்கு அளவுக்குக் கீழ போயிருச்சு. நான் அளக்காம மாட்டிட்டேன். நீ சொன்னப்பவே பாத்திருக்கணும். தப்பு என்னோடதுதான்."

"ம்" என்றாள்.

தப்பை ஒத்துக்கொண்ட கையோடு எனக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. உத்தரவு போடத் தொடங்கினேன். "நாளைக்கு இந்த வண்டியத் தொடாத. அந்த டீச்சர்மாரு மூணு பேருக்கும் இப்பமே போன் போட்டுச் சொல்லிரு. நாளைக்கு மட்டும் பஸ்ல வரட்டும்."

"அவிய மூணு வாரமா பஸ்லதான் வாராங்க."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"அந்த லாரி கிட்ட போய் நின்னோம்ல, அதுக்குப் பொறவு நான் யாரையும் ஏத்தல. கிளட்ச் சரியில்ல, லோடு ஏத்தக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். பிரேக்குன்னு சொன்னா உங்களப் பேசுவாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மூணு தடவ சொன்னேன்."

நான் காபியை வாங்கவே இல்லை. அவள் அதை வாசல் திண்டில் வைத்தாள்.

"அப்ப நீ மட்டும் எதுக்குட்டி ஓட்டுன?"

"அவியளுக்கு ஒண்ணு ஆனா, அவிய வீட்ல நான்தான பதில் சொல்லணும். எனக்கு ஆனா, நம்ம வீட்ல பதில் சொல்ல நீங்க இருக்கீங்கள்ல."

கோபமாகச் சொல்லவில்லை. காபி ஆறுது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே எங்கள் மகள் ஏதோ கேட்டு, இவள் பதில் சொல்வது காதில் விழுந்தது. கழற்றிப் போட்டிருந்த சக்கரத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.